முதல் மான்: வேட்டைக்காரன் முகத்தில் எதற்கு ரத்தம்?

ஸ்காட்லாந்தின் மலைச்சரிவு ஒன்றில் ஆண் செம்மான் விழுந்து கிடக்கிறது. சுட்டவனுக்கு வயது பதினைந்து. அவனைக் கூட்டி வந்த வழிகாட்டி குனிந்து, மானின் காயத்தில் இரண்டு விரலைத் தோய்த்து, பையனின் நெற்றியிலும் கன்னங்களிலும் இழுத்துவிடுகிறார். "ராத்திரி வரைக்கும் முகம் கழுவக் கூடாது" என்கிறார். ரத்தம் காய்ந்து இறுகிய முகத்தோடு பையன் மலை இறங்கி வீட்டுக்குப் போகிறான். வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. கை கொடுத்து வாழ்த்துகிறார்கள்.

இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் நம்மில் பலருக்கு முதலில் வருவது அருவருப்புதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் வேட்டை சிறைக்கு அனுப்பும் குற்றம். அதனால் வேட்டையைப் பற்றி இயல்பாகப் பேசுகிற பழக்கமே நம்மிடம் குறைந்துவிட்டது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நிலைமை வேறு. உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, இத்தனைதான் என்ற கணக்குக்குள் மான் சுடுவது அங்கே சட்டப்படி நடக்கிற காரியம். ஒருவர் சுடும் முதல் மானைச் சுற்றி அங்கெல்லாம் சடங்குகள் உண்டு.

அவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. நம் கண்ணை இழுப்பது ரத்தம். ஆனால் சடங்கு செய்கிற வேலை வேறு: கொன்றவன் உடனே "இது என்னுடையது" என்று எடுத்துக்கொண்டு போய்விடாமல், அவனைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துகிறது.

முதலில், ஏன் மான்?

முயலோ காடையோ அடித்தவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் குழம்பு வைத்துவிடலாம். மானை அப்படிச் செய்ய முடியாது. நன்கு வளர்ந்த ஆண் செம்மான் 100 கிலோவைத் தாண்டும். தனியாகத் தூக்க முடியாது, தனியாகத் தின்று தீர்க்கவும் முடியாது. அதன் அருகே போவதற்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். ஈரப் புல்லில் வயிறு பட ஊர்ந்து போக வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்க வேண்டும். இத்தனையும் தாண்டி ஒன்று இருக்கிறது. மானுக்கு முகம் இருக்கிறது. விழுந்த பிறகும் அதன் கண் திறந்தே இருக்கும். முதன்முறை அதன் பக்கத்தில் போய் நிற்கும்போது கை நடுங்கியது, அழுகை வந்தது என்று வேட்டைக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற அந்த நிமிடத்தில், செய்வதற்கு ஒரு காரியத்தைச் சடங்கு கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கருவி உண்டு. ஆர்னால்ட் வான் கென்னப் என்ற ஆய்வாளர் 1909இல் பிரெஞ்சில் எழுதிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு மனிதர் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போகும்போது நடக்கும் சடங்குகள் பெரும்பாலும் மூன்று படிகளில் அமைகின்றன: பிரித்தல், நடுவில் நிறுத்துதல், மறுபடி சேர்த்துக்கொள்ளுதல். நம் ஊர் மஞ்சள் நீராட்டை நினைத்துக்கொண்டால் சட்டென்று பிடிபடும். பெண்ணை மற்றவர்களிடமிருந்து விலக்குவது முதல் படி. தாய்மாமன் கட்டிய பச்சை ஓலைக் குடிசையில் அவள் இருக்கும் நாட்கள் இரண்டாவது படி. தண்ணீர் ஊற்றி, புடவை கட்டி, சொந்தபந்தம் கூடியிருக்கும் இடத்தில் உட்கார வைப்பது மூன்றாவது படி.

முதல் மான் சடங்கையும் இதே கண்ணால் பார்க்கலாம். ஊரை விட்டுக் காட்டுக்குப் போவது பிரிதல். கழுவாத முகத்தோடு திரிவது நடுநிலை. அந்த நேரத்தில் அவன் பழைய பையனும் இல்லை, வேட்டைக்காரனாகவும் முழுசாக ஆகிவிடவில்லை. அப்புறம் முகம் கழுவி, பெரியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது சேர்த்துக்கொள்ளுதல். "ராத்திரி வரைக்கும் கழுவாதே" என்ற விதிக்கு இப்போது ஒரு பொருள் தெரிகிறது அல்லவா?

ரத்தம் பூசுகிற வழக்கம்

பிரிட்டனில் இந்த வழக்கம் மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னருக்கு மான் வேட்டையில் அப்படி ஒரு பித்து. மான் வீழ்ந்ததும் அதன் ரத்தத்தை உடன் வந்த பிரபுக்களின் முகத்தில் தானே பூசுவாராம். அது தானாகத் தேயும்வரை அவர்கள் கழுவக் கூடாதாம். பிற்காலத்தில் நரி வேட்டைக்கு முதன்முதலாக வரும் சிறுவர் சிறுமியர் முகத்திலும் இப்படிப் பூசினார்கள். நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வதை இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஸ்காட்லாந்தின் மான் வேட்டையில் பூசும் வழக்கம் இன்னும் தொடர்கிறது. இளவரசர் ஹாரி 2023இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில், பதின்ம வயதில் முதல் ஆண் செம்மானைச் சுட்டபோது வழிகாட்டி தன் தலையைப் பிடித்து மானின் கிழித்த வயிற்றுக்குள்ளேயே அழுத்தினார் என்றும், முகத்தைத் துடைக்காமல் காய விடச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே வழக்கம் வெள்ளைவால் மானைச் சுற்றி வளர்ந்தது. அங்கே குடும்பத்து ஆண்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தங்குகிற வேட்டைக் கொட்டகைகள் உண்டு. முதல் மான் சுட்ட பிள்ளையின் முகத்தில் அப்பாவோ தாத்தாவோ ரத்தம் பூசுவார். சில குடும்பங்களில் மானின் ஈரலை ஒரு கடி பச்சையாகத் தின்னச் சொல்வதும் உண்டு. குறி தவறினால் அதற்கும் தனியே ஒரு சடங்கு இருக்கிறது: சட்டையின் பின் வாலைக் கத்தியால் அறுத்து, பெயரும் தேதியும் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். சில கொட்டகைகளில் இப்படி வெளுத்துப்போன துணித்துண்டுகள் சுவர் நிறையத் தொங்கும். தாத்தாவின் சட்டைத்துண்டும் பேரனின் சட்டைத்துண்டும் ஒரே சுவரில் இருக்கும். எனக்கு ரத்தத்தைவிட இந்தச் சுவர்தான் பிடித்திருக்கிறது. தவறியதைக்கூட மறைக்காமல் ஊர் நினைவில் சேர்த்துவைக்கிறார்கள்.

அங்கே இது எவ்வளவு பொதுவான வாழ்க்கை என்பதற்கு வடக்கே பென்சில்வேனியா நல்ல எடுத்துக்காட்டு. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமைதான் அங்கே பல பத்தாண்டுகளாகத் துப்பாக்கி மான் பருவம் தொடங்கும் நாளாக இருந்தது. அன்றைக்குப் பல பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டுவிடும். 2019இல்தான் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

மானின் வாயில் ஒரு கிளை

ரத்தம் பூசுவது மட்டுமே முதல் மான் சடங்கு என்று நினைத்தால் ஜெர்மனியைத் தவறவிட்டுவிடுவோம். என் பார்வையில் எல்லாவற்றிலும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட வழக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்து வழக்கம்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜெர்மனியில் வேட்டைக்காரர் ஆவது லேசுப்பட்ட காரியம் இல்லை. விலங்குகள், மரங்கள், சட்டம், துப்பாக்கி, நாய் வளர்ப்பு, இறைச்சிச் சுத்தம் என்று எல்லாவற்றையும் படித்து அரசுத் தேர்வு எழுத வேண்டும். பள்ளி இறுதித் தேர்வோடு ஒப்பிட்டு அதைப் 'பச்சை அபிட்டூர்' என்று பட்டப்பெயர் வைத்து அழைக்கிறார்கள். இப்படித் தேறி உரிமம் வைத்திருப்பவர்கள் 4 லட்சத்துக்கு மேல்.

தேர்வில் தேறிய ஒருவர், நவம்பர் மாலை ஒன்றில், தன் முதல் மானைச் சுடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட ஒரு மூத்தவர் இருக்கிறார். மான் விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. சிறிது நேரம் இருந்த இடத்திலேயே காத்திருக்கிறார்கள். பிறகு அருகே போகிறார்கள். மூத்தவர் பக்கத்து மரத்திலிருந்து ஒரு சிறு கிளையை ஒடிக்கிறார். கவனியுங்கள், கத்தியால் வெட்டுவதில்லை, கையால் ஒடிக்கிறார். 'புரூக்' என்ற அதன் பெயருக்கே ஒடித்தது என்றுதான் பொருள். எந்த மரத்துக் கிளையும் ஆகிவிடாது. ஓக், பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், ஆல்டர் என்ற ஐந்து மரங்கள்தான் மரபுப்படி ஏற்றவை.

அந்தக் கிளையை மானின் வாயில் குறுக்காக வைக்கிறார். இதற்கு 'லெட்ஸ்டர் பிஸ்ஸன்' என்று பெயர். கடைசிக் கவளம் என்று பொருள். நாம் இறந்தவர்களுக்கு வாய்க்கரிசி போடுகிறோமே, அதை நினைக்காமல் என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. அடுத்து இன்னொரு கிளையை ஒடித்து, காயத்தின் ரத்தத்தில் லேசாகத் தொட்டு, தன் தொப்பியின் மேலோ கத்தியின் தட்டையான பக்கத்திலோ வைத்துச் சுட்டவரிடம் நீட்டுகிறார். "வாய்ட்மான்ஸ்ஹைல்" என்கிறார், வேட்டைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. மற்றவர் "வாய்ட்மான்ஸ்டாங்க்" என்று நன்றி சொல்லிக் கிளையை எடுத்துத் தன் தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொள்கிறார். அடிபட்ட மானை ஒரு நாய் மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்திருந்தால், சுட்டவர் தன் கிளையிலிருந்து ஒரு துண்டை ஒடித்து நாய்க்காரருக்குக் கொடுக்க வேண்டும். வெற்றியில் நாய்க்கும் பங்கு. வேட்டைக்காரர் ஒருவர் இறந்துபோனால் நண்பர்கள் அடக்கத்துக்குக் கிளையைத் தொப்பியின் இடப்பக்கம் செருகிக்கொண்டு வருவார்கள். வலம் வாழ்த்து, இடம் துக்கம்.

இதற்குப் பிறகு பலர் செய்கிற ஒன்று இருக்கிறது. மானின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சில்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, இருட்டிக்கொண்டு வருகிற காட்டில் செத்த விலங்குக்குக் காவல் இருப்பது போல ஒரு அமைதி. அதற்கப்புறம்தான் கத்தியை எடுத்து வயிற்றைத் திறக்கும் வேலை. அந்த வேலையைச் செய்கிறவருக்கு இதயம், ஈரல் முதலிய உள்ளுறுப்புகள் சொந்தம். இதற்குச் 'சிறிய வேட்டை உரிமை' என்று பெயர்.

கூட்டமாக வேட்டையாடிய நாளாக இருந்தால் மாலையில் எல்லா விலங்குகளையும் வலப்பக்கமாகச் சாய்த்து வரிசையாகக் கிடத்துவார்கள். எந்த விலங்கையும் யாரும் தாண்டி நடக்கக் கூடாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனி ஊதுகொம்பு இசை இருக்கிறது. செம்மானுக்கு ஒன்று, காட்டுப்பன்றிக்கு வேறு. அதை ஊதி விடைகொடுக்கிறார்கள்.

முதல் மானுக்கு என்று கூடுதலாக ஒரு சடங்கு: 'யேகர்ஷ்லாக்'. பழைய காலத்தில் வாளால் தோளைத் தொட்டு ஒருவரை வீரராக்குவார்கள் இல்லையா, அதே போல. புதியவர் மண்டியிடுகிறார். மூத்தவர் வேட்டைக் கத்தியால் தோளில் மூன்று முறை தொடுகிறார். ஒவ்வொரு தொடலுக்கும் ஒரு வாசகம்: முதலாவது உன்னை வேட்டைக்காரனாக்குகிறது, இரண்டாவது நேர்மையாக நடக்க வலிமை தருகிறது, மூன்றாவது வேட்டையின் மானத்தை ஒருபோதும் கைவிடாதே என்று கட்டுப்படுத்துகிறது. இப்போது பல இடங்களில் தேர்வு முடிந்ததுமே மொத்தமாக எல்லாருக்கும் இதைச் செய்துவிடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். மான் பக்கத்தில் இல்லாமல் செய்தால் பட்டமளிப்பு விழா போல ஆகிவிடுகிறது.

போலந்திலும் ஏறக்குறைய இதே சடங்கு உண்டு. அங்கே தோளைத் தொடுவதோடு நெற்றியில் ரத்தக் குறியும் இடுவார்கள். ஆக இரண்டு மரபும் அங்கே ஒன்று சேர்கின்றன. சுவையான செய்தி ஒன்று: ஜெர்மன் வேட்டைக்காரர்கள் விலங்கின் ரத்தத்தை ரத்தம் என்று சொல்வதில்லை, 'வியர்வை' என்கிறார்கள். போலந்துக்காரர்கள் 'சாயம்' என்கிறார்கள். மானின் கண்ணுக்கு ஜெர்மனியில் 'விளக்குகள்' என்று பெயர். சாவை நேருக்கு நேர் சொல்லக் கூசி மங்கல வழக்காகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. நாமும் 'இறைவனடி சேர்ந்தார்' என்றுதானே சொல்கிறோம்.

கலஹாரியில் இடம் வலம்

இதுவரை சொன்னவை எல்லாம் துப்பாக்கியும் உரிமமும் உள்ள இடங்கள். வேட்டையே சோறாக இருந்த மக்களிடம் போனால் முதல் மான் சடங்கின் எடை கூடுகிறது.

நமீபியா, போட்ஸ்வானா பக்கம் கலஹாரி வறண்ட நிலத்தில் வாழும் சான் மக்களிடையே 1950களில் லோர்னா மார்ஷல் என்ற அமெரிக்கப் பெண்மணி தங்கி எழுதிய குறிப்புகளில் இது விரிவாக இருக்கிறது. அங்கே இருப்பது இரலை இனம். தமிழில் இரண்டையும் மான் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் புள்ளிமான், கடமான் போன்றவற்றின் கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும், இரலைக்குக் கொம்பு விழாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

சான் பையன் ஒருவன் முதன்முதலில் பெரிய ஆண் இரலையைக் கொன்றால் ஒரு சடங்கு, முதல் பெண் இரலைக்கு மறுபடியும் ஒரு சடங்கு. உடம்பில் சின்னச் சின்னக் கீறல்கள் போட்டு, அந்த விலங்கின் கொழுப்போடு கரித்தூளைக் குழைத்து உள்ளே தேய்க்கிறார்கள். ஆண் விலங்குக்கு வலப்பக்கம், பெண் விலங்குக்கு இடப்பக்கம். கையில் போடுவது குறி தவறாமல் இருக்க. மார்பில் போடுவது சோம்பிக் கிடக்காமல் வேட்டைக்கு மனம் எழ. புருவத்துக்கு நடுவே போடுவது தூரத்து விலங்கு கண்ணில் பட. ஸ்காட்லாந்துப் பையன் ராத்திரி முகம் கழுவிவிடுவான். இவன் உடம்பில் முதல் வேட்டை சாகும்வரை இருக்கும். இந்தச் சடங்கு ஆகாதவனுக்கு அந்தக் காலத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

இத்தனை பெருமை சேர்ந்தால் பையன் தலைகால் தெரியாமல் ஆடிவிட மாட்டானா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கறியைப் பங்கிடும் உரிமை அம்பு எய்தவனுக்கு இல்லை, அந்த அம்பின் சொந்தக்காரருக்கு. அம்புகளைத் தங்களுக்குள் இரவல் கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பதால், குறி பார்க்க முடியாத கிழவருக்கும் ஒரு நாள் பங்கிடும் முறை வரும். அதோடு, எவ்வளவு கொழுத்த விலங்கைக் கொண்டுவந்தாலும் "இந்த எலும்புக்கூட்டைத் தூக்கவா எங்களைக் கூப்பிட்டாய்?" என்கிற மாதிரி கேலி செய்வார்கள். வேட்டைக்காரனும் தலைகுனிந்து ஆமாம் போட வேண்டும்.

முதல் கறி யாருக்கு?

வடதுருவப் பகுதியின் இனுயிட், அலாஸ்காவின் யூபிக் மக்களிடமும் இதே எண்ணம் இன்னும் நேரடியாக இருக்கிறது. பிள்ளை முதன்முதலில் பிடித்த விலங்கு, அது கடல்நாயாகவோ கரிபூ மானாகவோ எதுவாக இருந்தாலும், ஊர்ப் பெரியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். முழுவதையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற பிள்ளையைத்தான் ஊர் பாராட்டும். இந்த வழக்கம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

ரத்தம் பூசுவதைப் பற்றி மேற்கு நாடுகளின் வேட்டைக்காரர்களிடையே இப்போது கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்காமல் பூசுவது சரியா, அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டுவது செத்த மானுக்கு மரியாதையா என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். நான் அப்படிக் கேட்பவர்களின் பக்கம். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையின் தலையைப் பிடித்து அழுத்துவதும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிளையை ஒடித்துக் கொடுப்பதும் ஒன்றாக முடியாது.

தமிழில் முதல் வேட்டைக்கு 'கன்னி வேட்டை' என்று தனிச்சொல்லே உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், கண்ணப்பர் ஆவதற்கு முன் திண்ணன் போவது அப்படி ஒரு வேட்டைக்குத்தான். அதில் விழுவது மான் இல்லை, பன்றி. ஆனாலும் மேலே பார்த்த படிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. வயதான தந்தை நாகன், தோலாடையும் சுரிகையும் கொடுத்துத் தலைமையை மகனிடம் ஒப்படைக்கிறான். தெய்வம் ஏறி ஆடும் பெண்ணான தேவராட்டி வந்து காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டி வாழ்த்துகிறாள். திண்ணன் தப்பியோடும் பன்றியை நெடுந்தூரம் துரத்திக் கொல்கிறான். கூட ஓடிவந்தவர்கள் நாணனும் காடனும் மட்டும்.

காளத்தி மலையில் குடுமித்தேவரான சிவனைக் கண்டு திரும்பிவந்த திண்ணன், அந்தப் பன்றிக் கறியைத் தீயில் வதக்குகிறான். ஒவ்வொரு துண்டாக வாயிலிட்டு, மென்று, சுவை பார்த்து, நல்லதை மட்டும் இலைக் கல்லையில் சேர்க்கிறான். மற்றதை வெளியே எறிகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு பசி இருந்தும் தானும் தின்னவில்லை, நமக்கும் கொடுக்கத் தோன்றவில்லை, இவனுக்கு என்ன மயக்கம் பிடித்தது என்று பேசிக்கொள்கிறார்கள். திண்ணன் காதில் அது விழவில்லை. கல்லையை ஒரு கையிலும் வில்லை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, சாமிக்குப் பசிக்குமே என்று மலையேறிப் போகிறான்.